கடலைப் பற்றிப் படைப்புக் கேட்கிறவர்களுக்கு: முல்லைத்தீவிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கும், கியூரேட்டர்களுக்கும், தெரிவுக்குழுவினருக்கும்,

வணக்கம்.

கடலைக் கருப்பொருளாக வைத்துப் புதிய கலைப்படைப்புகளைச் செய்விக்கும் முயற்சிகள் நாட்டிலும் வெளியிலும் கூடிவருகின்றன. 2019இல் கொழும்பில் நடந்த கொழும்புஸ்கோப் கலைவிழா ‘சீ சேஞ்ச்’ என்று கடலையே தலைப்பாக எடுத்தது. வன்னிக் கரையையும் அதன் கடலையும் பற்றிய படைப்புகளுக்குப் பணம் ஒதுக்கி, கலைஞர்களைத் தெரிந்து, அருங்காட்சியகத்தில் வைக்கும் எண்ணம் உங்களில் பலருக்கு இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். நான் முல்லைத்தீவில் சித்திரம் படிப்பிக்கிறவள்; கரைவலைக் குடும்பத்தில் பிறந்தவள். இது நடக்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் எங்கள் கடற்றொழிலாளரை வெறும் தகவல் சொல்லும் ஆட்களாக வைத்துக்கொண்டு இந்தக் கடலைப் படைப்பாக்காதீர்கள். ஒப்பந்தத்தில் அவர்களைப் பெயரோடும் பங்கோடும் எழுதுங்கள். செய்து முடித்த படைப்பு முதலில் இந்தக் கரையில் நிற்கட்டும். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதற்குத்தான் மடல் நீள்கிறது.

இங்கே வழமையாக நடப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு வான் வரும். சூரியன் எழும்பும் நேரத்தில் படகுகளைப் படம் பிடிப்பார்கள். கரையோரக் குடிசையான வாடியில் இருக்கும் வயதானவரிடம் சுனாமியைக் கேட்பார்கள், பிறகு போரைக் கேட்பார்கள், கடைசியில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லுவார்கள். எங்கள் ஊரில் ஒருவர் அப்படி வந்தவர்களுக்குத் தன் பழைய வலையைக் காசு வாங்காமலே கொடுத்துவிட்டார். அது ஒரு மண்டபத்தில் கூரையிலிருந்து தொங்குவதை ஒன்றரை வருடம் கழித்து மகனின் கைபேசியில்தான் பார்த்தார். வலையின் கீழே கலைஞரின் பெயர் இருந்தது, பணம் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. அவர் கோபப்படவில்லை. “வலையைத் தலைகீழாய்க் கட்டியிருக்கினம், ஈயம் மேலே நிக்குது” என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. வலையின் அடியை அமிழ்த்தும் ஈயம் எந்தப் பக்கம் வரும் என்பதை அறிந்த மனிதர் அந்த மண்டபத்தில் ஒருவர்கூட இருக்கவில்லை என்பதல்லவா அதன் பொருள்?

இந்தக் கடலின் செல்வத்தை வெளியார் காட்சிக்கு எடுத்துப்போவது புதிதல்ல. மன்னார் முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பிகள் எடுக்கப்பட்டன. மன்னாரின் அரிப்பு என்ற ஊரிலே முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் கட்டிய மாளிகையின் எஞ்சிய சுவர்கள் இன்றும் கடலரிப்பில் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன. முத்துகள் எங்கெங்கோ போய்விட்டன. ஆளுநரின் பெயர் இருக்கிறது, மூச்சடக்கிக் குதித்தவர்களின் பெயர் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குடியேற்ற அரசுகூட, அந்தக் காலத்தில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கைக் குளித்தவர்களுக்கே விட்டது. இன்றைய கலைத் திட்டங்களில் எங்கள் மக்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு தேநீரும் ஒரு நன்றியும். மூன்றில் ஒன்று என்ற அந்தப் பழைய கணக்குக்குக்கூட நாங்கள் இன்னும் வந்துசேரவில்லை.

கரைவலையை ஒருமுறையாவது முழுதாக இருந்து பாருங்கள். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் வெளியே போகும். வலையை இறக்கிக்கொண்டே வளைத்து, மற்றத் தலைப்போடு தள்ளிப்போய்க் கரை சேரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். நடுவிலே மடி. கரை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வரும். இழுப்புக்குக் கணக்குப் பாட்டுத்தான். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டின் எந்த இடத்தில் மூச்சு விடவேண்டும், எந்த இடத்தில் குதிக்கால் மணலில் ஊன்றவேண்டும் என்பது பாட்டுக்குள்ளேயே இருக்கும். அம்பாப் பாட்டு என்று சொல்வது அதைத்தான். அந்தப் பாட்டை ஒருவரை நாற்காலியில் இருத்திப் பாடவைத்துப் பதிவு செய்தால் கிடைப்பது அதன் எலும்பு மட்டுமே. கையில் கயிறு இல்லாவிட்டால் தாளம் பிசகும், பாடுகிறவருக்கே அடுத்த அடி வராது. இப்போது பல இடங்களில் உழவு இயந்திரத்தில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள். நாற்பது பேர் நின்ற இடத்தில் சிலர் நிற்கிறார்கள், இயந்திரச் சத்தத்தில் பாட்டுக்கு இடமில்லை. வின்ச் வேண்டுமா வேண்டாமா என்பது எங்களுக்குள்ளேயே தீராத சண்டை. அதைக் கலைஞர்கள் தீர்த்துவைக்கத் தேவையில்லை. ஆனால் இந்தக் கடலைப் பற்றி ஒரு ஒலிப்படைப்புக்குப் பணம் ஒதுக்குவதானால், அந்தப் பணத்தில் ஒரு பாட்டை அதன் கயிற்றோடும் ஆட்களோடும் இழுப்போடும் சேர்த்து நடத்திப் பதியுங்கள். அன்றைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் நாட்கூலி கொடுங்கள். இன்னும் பத்து வருடம் பொறுத்தால் அடியெடுத்துக் கொடுக்க ஆள் இருக்கமாட்டார்.

இழுத்து முடிந்ததும் கரைவலையில் காசு பங்காகப் பிரியும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. கணக்கில் அநியாயங்கள் உண்டு, அதையும் மறைக்கவில்லை. ஆனாலும் கயிற்றில் கை வைத்தவர் பங்கில்லாமல் வீட்டுக்குப் போவது கிடையாது. நீங்கள் எழுதும் ஒப்பந்தத்துக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்லவேண்டாம். வேறு நாட்டில் நடந்திருக்கிறது. அவுஸ்திரேலியாவின் வடக்கே ஆர்னெம் நிலத்தில் யோல்ங்கு மக்கள் இருக்கிறார்கள். 1996இல் அவர்களுடைய புனித இடமொன்றில், அனுமதியில்லாமல் மீன்பிடித்தவர்கள் போட்ட முகாம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே ஒரு முதலையின் வெட்டிய தலை சாக்கில் கிடந்தது. முதலை அவர்களுக்கு மூதாதை. அந்த மக்கள் அதற்குப் பதிலாகத் தூரிகையை எடுத்தார்கள். 47 கலைஞர்கள் 80 மரப்பட்டைகளில் தங்கள் கடலை வரைந்தார்கள். எந்தக் குலத்துக்கு எந்த நீர், எந்த நீரோட்டம் எங்கே சந்திக்கிறது, எந்தப் பாறை யாருடைய கதை என்று தங்கள் மரபான கோலங்களில் அதை எழுதிவைத்தார்கள். சிட்னியில் உள்ள அவுஸ்திரேலியத் தேசிய கடல்சார் அருங்காட்சியகம் அந்தத் தொகுதியை வாங்கியது. 2008 ஜூலையில் புளூ மட் பே வழக்கில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம், தங்கள் நிலத்தின் மேல் ஏறி வற்றும் கடல்நீருக்குள் யார் வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்த மக்களுக்கு உண்டென்று தீர்ப்பளித்தது. ஓவியம் மட்டும் அந்தத் தீர்ப்பைக் கொண்டுவந்தது என்று சொல்லமாட்டேன். சட்டத்தரணிகளும் பல வருடப் போராட்டமும் அதில் உண்டு. ஆனாலும் அந்தப் பட்டைகள் அழகுக்காக மட்டும் வரையப்படவில்லை. கடல் எங்களுடையது என்று சொல்லும் உறுதிப் பத்திரமாக அவை வரையப்பட்டன. ஒரு அருங்காட்சியகம் அதை அப்படியே ஏற்றுச் சுவரில் வைத்தது.

எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு பெடியன் எழும்பி, “ரீச்சர், கொக்கிளாயையும் நாயாற்றையும் நாங்களும் அப்படிக் கீறலாமோ?” என்று கேட்டான். அவன் சொன்னவை எங்கள் பக்கத்துக் கடலேரிகள். அவனுடைய கேள்வியை அப்படியே உங்களிடம் தருகிறேன். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் தெற்கிலிருந்து வந்து வாடி போடும் தொழிலாளருக்கும் இங்குள்ளவர்களுக்கும் இடையிலான கரைப் பிணக்கு, எந்தப் பாடு (வலை போடும் இடம்) யாருடையது என்ற கேள்வி, 2017இல் சட்டம் தடைசெய்த பிறகும் இந்தியாவிலிருந்து வரும் இழுவைமடிப் படகுகள் அறுத்தெறியும் வலைகள், பூநகரிப் பக்கத்தில் கடலட்டைப் பண்ணைக்கென்று அடைக்கப்படும் கடல்: கடலிலிருந்து ஊக்கம் பெறும் படைப்பு இவற்றைத் தொடாமல் நீலத்தையும் அலையையும் மட்டும் காட்டுமானால், அது எங்கள் கடலாக இருக்காது.

அவுஸ்திரேலியாவின் டொரெஸ் நீரிணையிலுள்ள ஏருப் தீவுக்காரர்களையும் இந்த இடத்தில் நினைக்கிறேன். கடலில் அறுந்து மிதந்து ஆமையையும் மீனையும் கொல்லும் வலைகளை எடுத்து, அவற்றைக் கொண்டே ஆமையும் திருக்கையும் முடைந்தார்கள். 2016இல் அவை மொனாகோவின் கடலியல் அருங்காட்சியகம்வரை போயின. செய்தவர்கள் அந்தத் தீவு மக்கள். பெயரும் அவர்களுடையது, விலையும் அவர்களுக்கே. எங்கள் கரையிலும் அறுந்த வலை குவிந்து கிடக்கிறது. அதைப் பொத்தத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. என் பெரியம்மா வலை பொத்துவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். கால் பெருவிரலில் வலையின் ஓரத்தை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நூல் சுற்றிய ஊசியை விடுவார். வலைக் கண்ணின் அளவை எடுக்கக் கோல் ஏதும் வைக்கமாட்டார், இரண்டு விரல்தான் அளவு. கிழிந்த இடத்தை முதலில் இன்னும் கொஞ்சம் வெட்டிப் பெரிதாக்குவார். முடிச்சுத் தொடங்கும் கண்ணும் முடியும் கண்ணும் சரியாக வந்தால்தான் பொத்தல் இழுவைக்குத் தாங்கும். இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைக்குச் சித்திரபாடத்தில் நான் புதிதாகக் கற்பிக்க அதிகம் இல்லை. பெரியம்மாவைக் கலைஞர் என்று அழைக்க உங்கள் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறதா?

அடுத்து நான் சொல்லப்போவது கடினமானது. சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரீட்டா 2016இல் கேரளத்தின் கொச்சி பியனாலே கலைவிழாவில் ஒரு மண்டபம் முழுக்கக் கடல்நீரை நிரப்பினார். பார்க்க வருகிறவர்கள் முழங்கால் நீரில் நடந்துபோய், கடலில் மூழ்கி இறந்த சிரியச் சிறுவன் காலிப் குர்திக்காக எழுதப்பட்ட வரிகளை வாசிக்கவேண்டும். பெரிய படைப்பு என்றே நினைக்கிறேன். கரைக்கு வராதவர்களின் காலில் கடலைப் படவைப்பதற்கு அது தேவை. ஆனால் அதே மண்டபத்தை முல்லைத்தீவில் திறந்தால்? 2004 டிசம்பர் 26இல் இந்தப் பட்டினமே கடலுக்குள் போனது. போரின் கடைசி நாட்களான 2009 மே மாதத்தில் எங்கள் சனம் நந்திக்கடல் என்ற கடலேரியின் நீருக்குள் இறங்கி, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, வட்டுவாகல் பக்கம் வந்தது. யார் யார் அந்த நீரிலேயே நின்றுவிட்டார்கள் என்பது இன்னும் பல வீடுகளில் முடியாத கணக்கு. அந்த அனுபவத்தை மீண்டும் உடம்பில் ஏற்றும் படைப்பை இங்கே எங்களைக் கேட்காமல் வைக்கக்கூடாது. வைக்கவே கூடாதென்று சொல்லவில்லை. சில தாய்மார் விரும்பக்கூடும், போரில் இறந்தவர்களை நினைக்கும் மே 18இல் நீரருகே நின்று பூப் போடுகிறவர்கள்தான் அவர்கள். முதலில் அவர்களைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த வேண்டாமுக்கு மதிப்புக் கொடுங்கள். அதற்கு ஒரு நடைமுறை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கவேண்டும், கலைஞரின் நல்ல மனதை மட்டும் நம்பி விடக்கூடாது.

கேட்டாலும் கிடைக்காதவை சில உண்டு. வைகாசி விசாகப் பொங்கலுக்கு ஒரு கிழமை முன்பு, சிலாவத்தை தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அந்த உப்புநீரில் விளக்கெரியும். அடுத்த திங்கட்கிழமை வற்றாப்பளை கண்ணகை அம்மன் பொங்கல். வன்னி முழுக்க அன்று நந்திக்கடல் ஓரத்தில் நிற்கும். வெளியிலிருந்து வரும் கலைஞர் எவருக்கும் இதைக் கேட்டவுடன் கண் விரியும் என்பது எனக்குத் தெரியும். கடல்நீரில் எரியும் விளக்கு! ஆனால் அந்தக் குடத்தையும் விளக்கையும் கண்ணாடிப் பெட்டிக்குள் மீளச் செய்துகாட்ட வேண்டாம். அது எங்கள் நேர்த்தி. பொங்கலுக்கு வாருங்கள், வேலிக்கு இந்தப் பக்கம் எங்களோடு நின்று பாருங்கள். அதிலிருந்து என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைக் கோயிலாரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

கடலடியின் வரைபடமும் அப்படித்தான். எங்கே பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கிறது, எங்கே சேறு, எந்தப் பாருக்கு எந்தக் காற்றில் போகவேண்டும் என்பது ஒவ்வொரு படகுக்காரரின் தலைக்குள்ளும் இருக்கிறது. முன்பு கரையிலுள்ள கோபுரத்தையும் உயர்ந்த பனையையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து இடம் பிடிப்பார்கள். சுனாமியிலும் போரிலும் அடையாளங்கள் பல போய்விட்டன, இப்போது ஜி.பி.எஸ். கருவி வைத்திருக்கிறார்கள். அந்த இலக்கங்கள் அவர்களுடைய முதுசம். அதைக் காட்சியில் போட்டால் மறுநாளே வேறொரு படகு அந்தப் பாரில் நிற்கும். ஆகவே வரைபடம் கீறும் திட்டமென்றால் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்வது படகுக்காரராகத்தான் இருக்கவேண்டும். காணாமல்போன அந்தக் கரை அடையாளங்களை அவர்கள் நினைவிலிருந்து கீறித் தரலாம். அதனால் எவருக்கும் நட்டமில்லை. இந்தத் திட்டம் ஒன்று நடந்தால் என் வகுப்பையே கொண்டுவந்து இருத்துவேன்.

பெரிய பொருட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006 டிசம்பரில் பாரா 3 என்ற ஜோர்தானியக் கப்பல் அரிசியோடு வந்து எங்கள் கரையில் தட்டியது. போர் முடிந்தபின் பேருந்து பேருந்தாக வந்து அந்தத் துருப்பிடித்த கப்பலின் முன் நின்று படமெடுத்தார்கள். அதன் நிழலில்தான் எத்தனையோ குடும்பங்கள் பதுங்கு குழி வெட்டி இருந்தன என்பதைப் படமெடுத்தவர்களுக்குச் சொல்ல அங்கே ஒரு பலகைகூட இருக்கவில்லை. பிறகு கப்பலை வெட்டி இரும்பாக ஏற்றிப்போனார்கள். இப்போது அந்த இடத்தில் மணல். இந்தக் கரையின் வரலாற்றில் ஆகப் பெரிய பொருளொன்று, பொறுப்பெடுக்க ஓர் அருங்காட்சியகம் இல்லாமல், கிலோக் கணக்கில் போய்விட்டது. ஆகவேதான் படைப்புகளை இங்கே நிறுத்துங்கள் என்று கேட்கிறேன். கொழும்பிலும் காலியிலும் காட்டுங்கள், வெளிநாட்டுக்கும் அனுப்புங்கள். அதற்கு முன் இங்கே ஒரு மாதமாவது நிற்கட்டும். சங்கக் கட்டடம் போதும், பாடசாலை மண்டபம் போதும். ஒரு பிரதி, ஒரு பதிவு இங்கேயே நிரந்தரமாக இருக்கட்டும்.

விண்ணப்பத்தைப் பற்றிச் சுருக்கமாக. தமிழில் எழுதவும், எழுத வராதவர்கள் வாயால் சொல்லவும் வழி வையுங்கள். ஒருவர் தனியாக விண்ணப்பிக்கவேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்துங்கள். எங்கள் தொழில் கூட்டுத் தொழில், படைப்பும் அப்படியே வரும். ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு உங்களோடு இருப்பவருக்கு அந்த நாளின் வருமானம் போகிறது. படகில் ஏறிக் கடலைப் பார்க்க விரும்பினால் எரிபொருள் உங்கள் செலவு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானபோது கரையில் இழுத்துவிட்ட படகுகளைக் கண்டவள் நான். பதிப்புரிமை இரண்டு பக்கத்துக்கும் இருக்கட்டும். படைப்பு பின்னாளில் விற்கப்பட்டால் அதிலும் பங்கு வரட்டும்.

கிளிநொச்சிக் கரைக்கு அப்பாலுள்ள இரணைதீவு மக்களிடமும் போய்க் கேளுங்கள். 1992இல் இடம்பெயர்ந்தவர்கள், இரணைமாதா நகரில் இருந்து போராடி, கேட்டுக் கேட்டுப் பதில் வராமல், 2018 ஏப்ரலில் படகுகளில் வெள்ளைக்கொடி கட்டித் தாங்களே தீவுக்குத் திரும்பினார்கள். முன்னுக்கு நின்றவர்கள் பெண்கள். அந்தப் பயணத்தைப் பற்றி யாராவது படைப்புச் செய்யவேண்டுமென்றால் அதைச் செய்யும் முதல் உரிமை அந்தப் பெண்களுக்குத்தான்.

வருவதென்றால் வாடைக்காற்று எழும்பும் கார்த்திகை, மார்கழியில் வாருங்கள். கடல் கொந்தளித்திருக்கும், படம் அழகாக வராது. ஆனால் ஆட்கள் கரையில் இருப்பார்கள், வலை பொத்திக்கொண்டு கதைக்க நேரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையென்றால் இன்னும் நல்லது. பூசை முடிந்து வந்து சங்கக் கட்டடத்தில் கூடலாம், அன்று இங்கே பெரும்பாலானோர் தொழிலுக்குப் போவதில்லை. உங்கள் ஒப்பந்த வரைவைத் தமிழில் அச்சிட்டு, ஒரு கிழமை முன்பே கிராமிய கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு அனுப்பிவையுங்கள். வாசித்துவிட்டு வந்து இருப்போம். எங்கள் திருத்தங்களை அன்றைக்கே நேரில் சொல்லுவோம்.

இப்படிக்கு,
முல்லைத்தீவிலிருந்து ஒரு சித்திரபாட ஆசிரியை